நீர்த்துளிக் கார்கள்: 1920-30களில் காற்றுக்கு வளைந்த பாடியால் உண்மையில் என்ன லாபம்?

திருப்புளி

ஜெர்மனியில் எட்மண்ட் ரும்ப்ளர் கட்டிய நீர்த்துளி வண்டியைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே வரிதான் வருகிறது: 1921இலேயே இழுவைக் குணகம் (வடிவத்தைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண், குறைந்தால் நல்லது) 0.28, இன்றைய கார்களுக்குச் சமம். இருக்கட்டும். என் சந்தேகம் வேறு. அந்தக் காலத்துச் சாலை ஜல்லியும் புழுதியும். 40, 50 கி.மீ. வேகத்தில் போனாலே பெரிய விஷயம். அந்த வேகத்தில் காற்று அப்படி என்ன தடுத்துவிடும்? ஒரு சாதாரணப் பெட்டி வண்டியோடு வைத்துப் பார்த்தால் வாங்கியவர் கைக்கு மிஞ்சியது என்ன? எண்ணோடு சொன்னால் நல்லது. அழகு, தொலைநோக்கு என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

நாலாங்கியர்

எண்ணோடே பார்ப்போம்.

காற்றிழுவை = ½ × காற்றின் அடர்த்தி × இழுவைக் குணகம் × முகப்பரப்பு × வேகத்தின் வர்க்கம். முகப்பரப்பு என்றால் வண்டியை நேர்முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் பரப்பு. வரும் விடை விசை. எஞ்சின் தர வேண்டிய திறன் வேண்டுமென்றால் இதையே இன்னொரு முறை வேகத்தால் பெருக்க வேண்டும். அதனால் திறன் வேகத்தின் மூன்றாம் படியில் ஏறும். வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு.

ரும்ப்ளர்: குணகம் 0.28, முகப்பரப்பு 2.57 சதுர மீட்டர். பெருக்கினால் 0.72. ஒப்பிட ஒரு கற்பனைப் பெட்டி வண்டி: நிமிர்ந்த கண்ணாடி, தனித்தனி மட்கார்டு, வெளியே துருத்தும் ஹெட்லைட். குணகம் 0.7, பரப்பு 2.4. பெருக்கினால் 1.68. இரண்டுக்கும் ஆட்களோடு எடை 1400 கிலோ என்று வைக்கிறேன். அன்றைய டயர், அன்றைய சாலைக்கு உருளல் தடை (சக்கரம் உருள்வதற்கே ஆகும் எதிர்ப்பு) எடையில் 2 சதவீதம், அதாவது 275 நியூட்டன். காற்றடர்த்தி 1.225.

40 கி.மீ.: உருளலுக்கு 4.2 குதிரைத்திறன். காற்றுக்குப் பெட்டியில் 1.9, துளியில் 0.8.
60 கி.மீ.: உருளலுக்கு 6.2. காற்றுக்குப் பெட்டியில் 6.5, துளியில் 2.8.
80 கி.மீ.: உருளலுக்கு 8.3. காற்றுக்குப் பெட்டியில் 15.3, துளியில் 6.6.
100 கி.மீ.: உருளலுக்கு 10.4. காற்றுக்குப் பெட்டியில் 30, துளியில் 12.8.

40இல் நீங்கள் சொல்வதுதான் சரி. மிச்சம் ஒரு குதிரை, அவ்வளவுதான். ஆனால் பெட்டி வண்டியில் 59 கி.மீ. வேகத்திலேயே காற்றுத் தடை உருளல் தடைக்குச் சமமாகிவிடுகிறது. துளி வண்டியில் அந்த இடம் 90 கி.மீ.க்குத் தள்ளிப் போகிறது.

இன்னொன்று. ரும்ப்ளர் எஞ்சின் 36 குதிரைத்திறன். கியரும் ஆக்ஸிலும் 15 சதவீதம் தின்றால் சக்கரத்துக்கு வருவது 30 சொச்சம். அதை வைத்துப் பெட்டி வண்டியின் உச்ச வேகம் கணக்கிட்டால் 89 கி.மீ. துளி வண்டிக்கு 113. அந்தக் காருக்குப் பதிவாகியிருக்கும் வேகம் 110ஐ ஒட்டி. கணக்கு உதைக்கவில்லை.

அதே 36 குதிரையில் மணிக்கு 24 கி.மீ. கூடுதல். எஞ்சினைப் பெரிதாக்கி அதை வாங்க வேண்டுமென்றால் பெட்டி வண்டிக்கு 36க்குப் பதில் ஏறக்குறைய 65 குதிரைத்திறன் தேவைப்படும்.

மட்கார்டு

அப்படியென்றால் குணகம் 0.28 என்பதால் இன்றைய செடானுக்கு அது சமம் என்று சொல்லலாமா, கூடாதா?

நாலாங்கியர்

குணகத்தில் சமம், இழுவையில் இல்லை. ரும்ப்ளர் நெட்டை வண்டி. இன்றைய செடானின் முகப்பரப்பு 2.2 சதுர மீட்டர். குணகம் அதே 0.28 என்று வைத்தாலும் பெருக்கல் 0.62 தான் வரும். குணகத்தை மட்டும் தனியே எழுதும் கட்டுரையைக் கண்டால் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

அந்த 0.28 ரும்ப்ளரே சொன்ன எண் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மியூனிக் அருங்காட்சியகத்தில் இருக்கும் அசல் வண்டியை 1979இல் ஃபோக்ஸ்வாகன் தன் காற்றுச்சுரங்கத்தில், அதாவது வண்டியை நிறுத்திக் காற்றை ஊதி இழுவையை அளக்கும் கூடத்தில், வைத்து எடுத்தது. அதனால்தான் அதை நம்புகிறோம்.

பழையரேடியேட்டர்

ரும்ப்ளருக்கு முன்னாலும் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் எங்கே தவறினார்கள் என்று பார்த்தால்தான் ரும்ப்ளர் செய்தது புரியும்.

1899, பாரிஸ் அருகே அஷேர். கமில் ஜெனாட்ஸியின் மின்சார வண்டி மணிக்கு 105.88 கி.மீ. முதன்முதலில் 100ஐத் தாண்டிய கார். பாடி பார்க்க டார்பிடோ மாதிரி. ஆனால் அந்த டார்பிடோ சேஸிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. ஓட்டுநர் இடுப்புக்கு மேலே வெளியே நிற்கிறார். நாலு சக்கரமும் ஆக்ஸிலும் ஸ்பிரிங்கும் அப்பட்டமாகக் காற்றில். வடிவம் சரி, அதை வைத்த இடம் தப்பு.

1914, மிலான். மார்க்கோ ரிக்கோட்டி என்ற கோமகனுக்காக காஸ்தான்யா பட்டறை ஆல்ஃபா 40/60 சேஸியில் அலுமினியத்தால் முட்டை வடிவக் கூடு கட்டியது. சாதா 40/60 போனது 125 கி.மீ., இது 139. நாலாங்கியர் முறையிலேயே போடுங்கள்: 139ஐ 125ஆல் வகுத்து மூன்றாம் படிக்கு உயர்த்தினால் 1.375. எஞ்சின் மாறவில்லை. ஆகவே இழுவை குறைந்தது 27 சதவீதம் இறங்கியிருக்க வேண்டும். உருளல் தடையைக் கழித்துப் பார்த்தால் இன்னும் கூடவே இருக்கும். அதில் சக்கரமும் சேஸியும் வெளியே தெரிந்தபடிதான். மேல்கூடு மட்டும் செய்த வேலை இது. பிற்பாடு அந்தக் கூரையை வெட்டித் திறந்த வண்டியாக்கினார்கள் என்பது தனிக் கதை.

ரும்ப்ளர் விமானத்திலிருந்து வந்தவர். டௌபே விமானங்களைக் கட்டி விற்றவர். போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியில் விமானத் தொழிலை முடக்கிவிட்டது. அந்தத் தலைமுறைப் பொறியாளர்கள் பலர் காருக்கு வந்தார்கள். ரும்ப்ளர் செய்தது, வண்டியை மேலிருந்து பார்த்தால் துளி. ஓட்டுநர் முன்னால் நடுவில் தனியாக. அகலமான இடத்தில் பயணிகள். வால் குறுகும் இடத்தில் எஞ்சின். சீமென்ஸ் அண்ட் ஹால்ஸ்கே செய்த டபிள்யூ-6, மூன்று வரிசையில் இரண்டிரண்டு சிலிண்டர், 2.6 லிட்டர். எஞ்சின் பின் ஆக்ஸிலுக்கு முன்னாலேயே இருப்பதால் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் இல்லை. ஷாஃப்ட் இல்லாததால் தரை தட்டை. அடிப்பக்கத்தையும் தகரத்தால் மூடிவிட்டார். ஜெனாட்ஸி தவறவிட்டது இதைத்தான்.

பால் யாரை (Paul Jaray) என்ற பொறியாளர் ஒரு படி மேலே. வியன்னாக்காரர், ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் செப்பலின் ஆலையில் காற்றுச்சுரங்கம் கையில் இருந்தது. வானத்தில் மிதக்கும் துளிக்கும் தரையை ஒட்டி ஓடும் துளிக்கும் வித்தியாசம் உண்டு என்பதை அவர் பிடித்துக்கொண்டார். முழுத்துளியைத் தரைக்கு அருகே கொண்டுவந்தால் அடியில் காற்று நெருக்கப்பட்டு ஓட்டம் கெட்டுப்போகிறது. அதையே பாதியாக அறுத்துத் தட்டைப் பக்கம் கீழே வரும்படி வைத்தால் நன்றாக ஓடுகிறது. 1922இல் அங்கேயே க்ளெம்பரர் என்பவர் எடுத்த அளவீட்டில் சக்கரம் பொருத்திய அரைத்துளி 0.15 காட்டியது. யாரையின் காப்புரிமை இதன் மேல் கட்டியதுதான்: கீழே அகலமான ஒரு அரைச்சிறகு, அதன்மேல் பக்கவாட்டில் குறுகிப் பின்னால் கூராகும் ஒரு கூண்டு. 1920களின் முற்பகுதியில் லே, ஆடி, டிக்ஸி கம்பெனிகளின் சேஸிகளில் இந்தப் பாடியைக் கட்டிப் பார்த்தார்கள். ஒல்லியாக, நெட்டையாக, அலமாரியைச் சாய்த்தமாதிரி இருக்கும். வாங்க ஆளில்லை.

தகரவேலை

வாங்க ஆளில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். கட்டுவதற்கும் ஆளில்லை, அதையும் பேசுவோம்.

1920களில் பாடி என்பது மரச்சட்டம். அதன்மேல் தகரத்தை வளைத்து ஆணி அடிப்பார்கள். ஒரு திசையில் மட்டும் வளையும் தகடு என்றால் உருளையில் விட்டு எடுத்துவிடலாம், ஒரு மணி நேர வேலை. துளி வடிவத்துக்குத் தகடு இரண்டு திசையிலும் வளைய வேண்டும். அதற்குத் தகரத்தை மணல்மூட்டையில் வைத்து அடித்து நீட்டி, சக்கரத்தில் உருட்டிச் சமன்செய்து, பலகை அச்சில் வைத்துப் பார்த்து, மறுபடி அடித்து... ஒரு பின்பக்கத் தகட்டுக்கே நாள் கணக்கு. நாலைந்து துண்டாகச் செய்து பற்றவைத்தால் பற்று ஓடிய இடத்தில் தகடு சுருங்கி அலை எழும். பெயின்ட் அடித்ததும் அந்த அலை இரண்டு மடங்காகத் தெரியும். பெரிய பிரஸ்ஸில் ஒரே அடியாக அழுத்தினால்தான் விலை இறங்கும். அந்த அச்சுக்குப் பணம் போட ஆயிரக்கணக்கில் வண்டி விற்க வேண்டும். ரும்ப்ளர் கட்டியதே நூறு வண்டி சுமார்.

கண்ணாடி இன்னொரு வில்லங்கம். தட்டைக் கண்ணாடிதான் மலிவு. ரும்ப்ளர் வளைந்த பக்கக் கண்ணாடி போட்டார். உடைந்தால் கடையில் கிடைக்காது. 1930களில் முன்கண்ணாடியை நடுவில் பிளந்து ஆப்பு மாதிரி வைத்தது ஸ்டைலுக்காக மட்டுமல்ல, இரண்டு தட்டைக் கண்ணாடியில் காரியம் முடியும் என்பதற்காகவும்தான். செக்கோஸ்லோவாக்கியாவின் டாட்ரா கம்பெனி மூன்று துண்டாக்கியது: நடுவில் ஒன்று, மூலைக்கு ஒன்று.

இனி சில்லறைச் சாமான். 25 செ.மீ. விட்டமுள்ள இரண்டு ஹெட்லைட் கிண்ணத்தின் பரப்பு சேர்ந்து 0.1 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தட்டை முகத்துக்குக் குணகம் ஒன்று என்று வைத்தால் 100 கி.மீ.யில் 47 நியூட்டன், 1.8 குதிரைத்திறன். பெட்டி வண்டியில் இது மொத்தக் காற்றிழுவையில் 6 சதவீதம். யாரும் கவனிக்க மாட்டார்கள். அதே லைட்டைத் துளி வண்டியில் வெளியே மாட்டினால் 14 சதவீதம் ஏறும். சுத்தமான பாடியில்தான் அழுக்கு தெரியும். 1935இல் பெஷோ 402 ஹெட்லைட்டைக் கிரில்லுக்குப் பின்னால் தள்ளியதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபுட்போர்டு, ஸ்டெப்னி, கதவுக் கீல், வெளிக் கைப்பிடி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

பராமரிப்பும் உண்டு. பின்சக்கரத்தை மூடினால் பஞ்சருக்கு முதலில் மூடியைக் கழற்ற வேண்டும். அடித்தகடு போட்டால் எண்ணெய் மாற்ற அதைக் கழற்ற வேண்டும். சேறு உள்ளே தேங்கித் துருப்பிடிக்கும். அந்தக் கால டயர் சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆணியைப் பொறுக்கும். ஓட்டுநர் அந்த மூடியைக் கழற்றி வீட்டு மூலையில் போட்டுவிடுவார், போனது 0.28.

குறுக்குக்காற்று

ரும்ப்ளர் வண்டியில் டிக்கியே கிடையாது என்பதை யாரும் சொல்லவில்லை. எஞ்சின் சூடு, ஸ்டியரிங் கோளாறு என்று புகார் மேல் புகார். கடைசியில் பல வண்டிகள் பெர்லினில் டாக்ஸியாக ஓடின, உயரக் கூரை ஏறி இறங்க வசதி என்பதற்காக. டாக்ஸி ஓடுகிற வேகத்தில் துளி வடிவத்தால் என்ன பிரயோசனம்?

அதைவிட முக்கியம், மாதிரியில் எடுத்த எண்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. டாட்ரா 87, 1936. ஐந்தில் ஒரு பங்கு மாதிரியில் 0.244. அசல் வண்டியை 1979இல் ஃபோக்ஸ்வாகன் சுரங்கத்தில் நிறுத்தினால் 0.36. பாதிக்குப் பாதி கூடுதல். காரணம் ரகசியம் ஒன்றுமில்லை:

மாதிரியின் அடிப்பக்கம் வழுவழு மரம். அசலில் ஆக்ஸில், பிரேக் கம்பி, சைலன்சர். மாதிரிக்குள் காற்று நுழையாது. அசலில் குளிர்விக்கக் காற்றை உள்ளே இழுத்து வெளியே துப்ப வேண்டும், அந்த 3 லிட்டர் வி-8 காற்றால் குளிரும் எஞ்சின், பின்னால் இருக்கிறது. கதவு இடுக்கு, கண்ணாடி ரப்பர், வைப்பர், நம்பர் பிளேட் எதுவும் மாதிரியில் கிடையாது. சின்ன மாதிரியில் ஓட்டம் பிரியும் இடமும் மாறும், ஏனென்றால் அதே காற்று, சின்ன உடல்.

ஆக அந்தக் காலத்துக் கட்டுரைகளில் வரும் 0.2 சொச்சங்களை அப்படியே நம்பாதீர்கள்.

அடுத்தது தூக்கல். 1906இல் டேட்டோனா கடற்கரையில் ஸ்டான்லி நீராவி வண்டி 205 கி.மீ. போனது. கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி பாடி. 1907இல் இன்னும் வேகமாக விட்டார்கள்; மணல்மேட்டில் மூக்கு எழும்பியதும் அடியில் காற்று புகுந்து வண்டியைத் தூக்கி அடித்தது. ஓட்டிய ஃப்ரெட் மாரியட் பிழைத்தது அதிர்ஷ்டம். மேலே வளைவு, கீழே தட்டை என்றால் அது சிறகு. இழுவையை மட்டும் பார்த்தவர்களுக்குத் தூக்கல் கண்ணில் படவில்லை.

மூன்றாவது, என் பெயருக்கேற்ற விஷயம். வட்ட மூக்கு, நீள வால் உள்ள உடலில் பக்கக் காற்றின் அழுத்த மையம் முன்னால் நகர்ந்துவிடும். எஞ்சின் பின்னால் என்றால் எடை மையம் பின்னால். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் நெம்புகோல். காற்று மூக்கைத் தள்ளும், வண்டி திரும்பும், திரும்பியதால் இன்னும் அதிகமாகத் தள்ளும். வாலறுந்த பட்டம் சுற்றுவதும் இதனால்தான். டாட்ரா தன் வண்டியின் முதுகில் மீனுக்கு இருப்பதுபோல ஒரு துடுப்பை நட்டது இதற்காகவே. அலங்காரம் என்று நினைப்பவர்கள் பாதிப்பேர்.

பழையரேடியேட்டர்

துடுப்பு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 0.36 என்பதைத் தோல்வி மாதிரி சொல்வது நியாயமா? அதே காலத்து வண்டிகள் 0.55, 0.6இல் இருந்தபோது? டாட்ரா 87க்கு 75 குதிரைத்திறன்தான். முகப்பரப்பு 2.1 என்று வைத்து 160 கி.மீ.க்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: காற்றுக்கு 55, உருளலுக்கு 13, கியர் நட்டம் சேர்த்தால் 75ஐ ஒட்டி வந்து நிற்கும். ஆலை சொன்ன உச்ச வேகமும் 160தான். 1936இல் 3 லிட்டர் குடும்பக் காரில் 160! நூறு கி.மீ.க்கு 12.5 லிட்டர்.

துடுப்பு இருந்தும் வால் வீசியது உண்மை. பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் தொங்கும் எஞ்சின், ஊசலாடும் அரை ஆக்ஸில். வளைவில் பெடலை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடியும். அதற்குக் காற்றியலைக் குறை சொல்லக்கூடாது. டாட்ராவின் வடிவமைப்பாளர் லெட்விங்காவின் ஆக்ஸில்தான் பொறுப்பு.

திருப்புளி

எரிபொருள் பேச்சு வந்தது. இழுவை பாதியானால் பெட்ரோலும் பாதியாகுமா?

நாலாங்கியர்

ஆகாது. இரண்டு காரணம்.

ஒன்று, உருளல் தடை அப்படியே இருக்கிறது. முன்பு போட்ட இரண்டு வண்டியும் 80 கி.மீ.யில் சீராக ஓடுகின்றன என்று வையுங்கள். பெட்டிக்கு மொத்தத் தடை 783 நியூட்டன், துளிக்கு 493. எஞ்சின் முதல் சக்கரம் வரை மொத்தத் திறமை 18 சதவீதம், லிட்டருக்கு 32 மெகாஜூல் என்றால் நூறு கி.மீ.க்குப் பெட்டி 13.6 லிட்டர், துளி 8.6. காற்றிழுவை 57 சதவீதம் குறைந்தும் பெட்ரோல் 37 சதவீதம்தான் குறைகிறது.

இரண்டாவதுதான் அந்தக் காலத்துப் பொறியாளர்களே பலமுறை கோட்டைவிட்டது. பாடியை மட்டும் மாற்றி ஆக்ஸில் விகிதத்தை (டாப் கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று என்பதை) மாற்றாவிட்டால் 80இல் எஞ்சின் சுழற்சி அதேதான். சுமை குறைந்ததால் எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாதி மூடியிருக்கும். மூடிய த்ராட்டிலுக்கு எதிராகக் காற்றை உறிஞ்சவே எஞ்சின் உழைக்கும். உராய்வும் குறையாது. திறமை 18இலிருந்து இறங்கிவிடும், மிச்சமாக வேண்டிய பெட்ரோலில் நல்ல பங்கு அங்கேயே எரிந்துபோகும். பாடி மாற்றினால் கூடவே ஆக்ஸிலை 4.7க்கு 1 என்பதிலிருந்து 3.8க்கு 1 மாதிரி நீட்ட வேண்டும். ஆனால் எடை குறையவில்லையே, மேடு ஏறும்போது டாப் கியரில் திணறும். அதற்குத்தான் ஓவர்டிரைவ்: மட்டமான சாலையில் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர். 1934 கிரைஸ்லர் ஏர்ஃப்ளோவில் காற்றியல் பாடியும் ஓவர்டிரைவும் ஒன்றாக வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அசல் உதாரணம் வேண்டுமா? கோட்டிங்கனில் கார்ல் ஷ்லோர் 1939இல் மெர்சிடிஸ் 170எச் சேஸியில் கட்டிய வண்டி. சக்கரத்தையும் பாடிக்குள் விட்டதால் அகலம் 2.10 மீட்டர். மாதிரிக்கு 0.113, ஓடும் வண்டிக்கு 0.186. எடை 250 கிலோ கூடுதல். அப்படியும் அதே எஞ்சினில் 105க்குப் பதில் ஏறக்குறைய 135 கி.மீ.; 10-12 லிட்டருக்குப் பதில் 8 லிட்டர்.

குறுக்குக்காற்று

பக்கக் காற்றில் அந்த வண்டி எப்படி அலைந்தது என்பதையும் எழுதுங்கள். விற்பனைக்கு வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

திருப்புளி

கணக்கெல்லாம் சரியாக வருகிறதே, பிறகு ஏர்ஃப்ளோ ஏன் படுத்தது? அதற்குப் பின்னால் பெரிய கம்பெனியும் பெரிய பிரஸ்ஸும் இருந்தனவே. தகரவேலை சொன்ன தடை அங்கே இல்லை.

பழையரேடியேட்டர்

ஏர்ஃப்ளோவைக் காற்றியல் கார் என்று மட்டும் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. கிரைஸ்லர் பொறியாளர்கள் கார்ல் பிரீரும் சீடரும் ஸ்கெல்டனும் காற்றுச்சுரங்கம் கட்டும்போது விமானம் கண்ட ஆர்வில் ரைட்டையே ஆலோசனை கேட்டார்கள். அன்றைய கார் மாதிரிகளைச் சுரங்கத்தில் பின்பக்கமாகத் திருப்பி வைத்தபோது இழுவை குறைந்தது. அதாவது எல்லோரும் காரைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூர்மை வாலில் வேண்டும், மூக்கில் அல்ல.

ஆனால் மூக்கு மழுங்கி, வால் சரிய வேண்டுமென்றால் உள்ளே இருப்பவர்கள் நகர வேண்டும். பழைய வண்டியில் பின்சீட்டு நேராகப் பின் ஆக்ஸில் மேல். அங்கே உயரம் வேண்டும், ஆகவே கூரை சரிய முடியாது. அவர்கள் எஞ்சினை முன் ஆக்ஸில் மேல் தள்ளினார்கள், பின்சீட்டை ஆக்ஸிலுக்கு முன்னால் இழுத்தார்கள். கூரை பின்னால் சரிய இடம் கிடைத்தது. கூடவே ஆட்கள் இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில் வந்ததால் குலுக்கல் குறைந்தது. மூக்கில் எடை ஏறியதால் மென்மையான ஸ்பிரிங் போட முடிந்தது. வாங்கியவர்கள் புகழ்ந்தது வேகத்தைவிட அந்த சவாரியைத்தான். காற்றுக்காக ஆரம்பித்த வேலையில் இடுப்புக்குச் சுகம் கிடைத்தது. இன்றுவரை செடான்களின் உள் அமைப்பு அதுதான்.

படுத்ததற்குக் காரணம் அந்த முகம். செங்குத்தான ரேடியேட்டரே காரின் கௌரவம் என்று பழகிய கண்ணுக்கு, அருவி மாதிரி வழியும் கிரில்லும் உள்ளே புதைந்த ஹெட்லைட்டும் பிடிக்கவில்லை. பாடியும் சட்டமும் சேர்த்துப் பற்றவைக்கும் முறை புதிது, டெலிவரி தாமதமாயிற்று, முதலில் வந்தவற்றில் கோளாறு இருந்தது. பேர் கெட்டுவிட்டது. 1934இல் கிரைஸ்லர் பெயரில் சுமார் 11 ஆயிரம், அதே கம்பெனியின் டிசோட்டோ பெயரில் சுமார் 14 ஆயிரம். கிரைஸ்லர் கடையில் பழைய பாணி வண்டியும் பக்கத்திலேயே நின்றது, அது இதைவிட அதிகம் போயிற்று. டிசோட்டோவுக்கு அந்த வருடம் ஏர்ஃப்ளோ தவிர வேறு வண்டியே இல்லை, அடி அங்கேதான் பலம். அடுத்த வருடமே கிரில்லைக் கூராக்கி ஒட்டுப்போட்டார்கள். 1937 கடைசி.

பக்கத்திலேயே 1936 லிங்கன் செஃபர். அதே சரிந்த கூரை, ஆனால் கூரான அழகிய மூக்கு. முதல் வருடமே 15 ஆயிரத்தை ஒட்டி விற்றது.

தகரவேலை

பார்வைக்குச் சரிவாக இருப்பதெல்லாம் காற்றுக்கும் சரிவு என்று நினைக்கக் கூடாது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் உருண்டையாகத்தான் இருக்கிறது, குணகம் 0.48. தனி மட்கார்டு, ஃபுட்போர்டு, நிமிர்ந்த தட்டைக் கண்ணாடி, குட்டையாகச் சட்டென்று விழும் முதுகு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வால்டர் லே 1933இல் மாதிரியின் மூக்கையும் வாலையும் மாற்றி மாற்றிப் பொருத்திக் காட்டியதும் இதுதான்: முன்கண்ணாடியில் ஓட்டம் பிய்ந்துவிட்டால் பின்னால் எவ்வளவு நல்ல வால் வைத்தாலும் வீண்.

மட்கார்டு

சுரங்கம் இல்லாமல் ஒரு பழைய வண்டியின் இழுவையை எடுக்க வழி உண்டா?

நாலாங்கியர்

உண்டு. வண்டியை உருளவிட்டு நேரம் பார்ப்பது. அன்றும் இதைத்தான் செய்தார்கள்.

போக்குவரத்து இல்லாத, மட்டமான, மூடிய பாதை. ஓர் ஓடுதளம் கிடைத்தால் உத்தமம். காற்று அசையாத விடியற்காலை. வண்டியை ஆட்களோடு எடைபோடுங்கள். டயர் காற்றைச் சரிபார்த்து, அரை மணி நேரம் ஓட்டி டயரும் கியர் எண்ணெயும் சூடானபின் ஆரம்பியுங்கள். 90க்கு ஏற்றி நியூட்ரலில் விடுங்கள். எஞ்சினை அணைக்க வேண்டாம், பிரேக் தேவைப்படலாம். 85இலிருந்து 75க்கு இறங்க எத்தனை நொடி, 45இலிருந்து 35க்கு எத்தனை நொடி என்று எடுங்கள். ஸ்பீடோமீட்டரை நம்பாமல் ஜிபிஎஸ். ஒவ்வொரு திசையிலும் ஐந்து முறை, இரண்டு திசைக்கும் சராசரி. ஒரு திசையில் மட்டும் எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத அரை சதவீதச் சரிவு கூட 1400 கிலோ வண்டியில் 69 நியூட்டன் பொய் சொல்லும்.

உதாரணம்: 1400 கிலோ. சுழலும் சக்கரங்களுக்காக 4 சதவீதம் சேர்த்து 1456. மேல் இடைவெளிக்கு 5.2 நொடி, கீழ் இடைவெளிக்கு 10.1 நொடி. 10 கி.மீ. என்பது நொடிக்கு 2.78 மீட்டர். விசை = 1456 × 2.78 ÷ நேரம். 80இல் 778 நியூட்டன், 40இல் 400. வித்தியாசம் 378. வேக வர்க்கங்களின் வித்தியாசம் 370. வகுத்தால் 1.02, அதை இரண்டால் பெருக்கி 1.225ஆல் வகுத்தால் 1.67 சதுர மீட்டர். அதுதான் குணகம் × முகப்பரப்பு. 40இன் விசையிலிருந்து காற்றின் பங்கு 126ஐக் கழித்தால் மிச்சம் 274, உருளல் தடை.

1.225 என்பது 15 டிகிரிக்கு. 35 டிகிரி வெயிலில் கடல்மட்டத்தில் 1.146. அதைப் போட மறந்தால் எண் 6 சதவீதம் பிசகும்.

முகப்பரப்புக்கு: 50 மீட்டர் தள்ளி நின்று ஜூமில் நேர்முகமாகப் படம். வண்டியின் அகலமான இடத்துக்கு நேராக ஒரு மீட்டர் அளவுகோல். கட்டத்தாளில் எண்ணுங்கள். கிட்டே நின்று எடுத்தால் மட்கார்டு பெரிதாகத் தெரியும்.

திருப்புளி

கடைசியாக ஒன்று. மாதிரி செய்து பார்க்கலாம் என்றால் வால் எவ்வளவு நீளம் வைப்பது? பால் யாரை வரைந்ததுபோல் கூராக முடித்தால் வீட்டு ஷெட்டில் நிற்காதே.

தகரவேலை

நிற்காதுதான். 1.6 மீட்டர் அகல உடலைப் பக்கத்துக்கு 12 டிகிரி வீதம் கூர்முனை வரை கொண்டுபோனால் வால் மட்டும் 3.8 மீட்டர். 12க்கு மேல் சரித்தால் ஓட்டம் தகட்டை விட்டுப் பிரிய ஆரம்பிக்கும். 30 டிகிரியை ஒட்டிப் போய்விட்டால் இரண்டு ஓரத்திலும் சுழல் முறுக்கிக்கொண்டு, வால் இல்லாததைவிட மோசமாகும்.

1930களின் நடுவில் ஸ்டுட்கார்ட்டில் கோனிக்-ஃபாக்சன்ஃபெல்டும் வூனிபால்ட் காம்மும் கண்ட வழி: மெதுவாகவே சரி, குறுக்குப் பரப்பு பாதியானதும் வெட்டிவிடு. கூர்முனையின் பின்பாதி தரும் லாபம் அதன் நீளத்துக்கு ஈடில்லை. மேலே சொன்ன அகலத்தை 1.6இலிருந்து 1.13க்குக் குறைக்க 1.1 மீட்டர் போதும். கூரையை 12 டிகிரியில் 1.3இலிருந்து 0.92 மீட்டர் உயரத்துக்கு இறக்க 1.8 மீட்டர் வேண்டும், ஆகவே சரிவை முன்சீட்டுக்கு மேலேயே ஆரம்பியுங்கள்.

வெட்டும் இடத்தைக் கம்பளி நூல் காட்டும். 5 செ.மீ. துண்டுகளை 10 செ.மீ. இடைவெளியில் செலோடேப்பால் ஒட்டி, பக்கத்து வண்டியிலிருந்து படம் எடுங்கள். படுத்தபடி பின்னோக்கி நிற்கும் இடம் வரை ஓட்டம் ஒட்டியிருக்கிறது. துடிக்கும் அல்லது முன்னோக்கி மடியும் வரிசைக்கு ஒரு சாண் முன்னால் வெட்டி, விளிம்பைக் கூராகவே விடுங்கள். உருட்டிப் பாலிஷ் போட்டால் காற்று எங்கே பிரிவது என்று தெரியாமல் அலையும்.